ஜாக்கி தூக்கும், தாங்குவது கட்டைதான்

போன ஐப்பசியில் நடந்தது. பேரிகைப் பக்கம் தக்காளி போடத் தயார் பண்ணியிருந்த கொல்லைக்கு ஆட்டெரு ஏற்றிக்கொண்டு டிரெய்லரை ஓட்டிப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. வரப்பு ஓரம் திரும்பும்போது இடது டயர் போச்சு. கையில் புதுசு மாதிரி ஒரு எலக்ட்ரிக் ஹைட்ராலிக் ஜாக்கி இருந்தது. பேட்டரியில் கிளிப்பை மாட்டி பட்டனை அமுக்கினால் தானாகத் தூக்கும். கைப்பிடி போட்டு அடிக்க வேண்டியதில்லை. இடுப்பு வலிக்காரனுக்கு அது வரம்தான்.

பாதி தூக்கியது. அப்புறம் மோட்டார் முனகியது, நின்றது. இறக்கலாம் என்றால் இறங்கவும் இல்லை. நான் மண்ணில் படுத்து, ஆக்ஸிலுக்குக் கீழே கையை நீட்டி, ரிலீஸ் ஸ்க்ரூவைத் திருகப் பார்த்தேன். உதவிக்கு வந்திருந்த என் மச்சினன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவன். "மாமா, கைய எடுங்க மொதல்ல! கட்டை எங்க?" என்று கத்தினான்.

கோபத்தோடுதான் எழுந்தேன். அவன் டிராக்டரில் கிடந்த புளியங்கட்டைகளை எடுத்து ஆக்ஸிலுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினான். இரண்டு பேரும் தள்ளி நின்று எருவை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தோம். இருபது நிமிஷம் இருக்கும். 'தட்'டென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே ஜாக்கி இறங்கி, ஆக்ஸில் கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. என் கை இருந்த இடம் அதுக்கு நாலு விரல் கீழே.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பாடத்தை எழுதுவதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். நம்ம பகுதியில் இயற்கை விவசாயம் பண்ணுகிறவர்கள் நிறைய பேர் டிராக்டர், டிரெய்லர், பவர் டில்லர் ரிப்பேரைச் சொந்தமாகவே பார்த்துக்கொள்கிறோம். அது நல்லதுதான். ஆனால் ஜாக்கி விஷயத்தில் நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

கிணற்று மோட்டாரில் ரிப்பேர் என்றால் என்ன பண்ணுகிறோம்? ஃபியூஸைப் பிடுங்குகிறோம். கரண்ட் இல்லை, மோட்டார் நின்றது, ஆபத்து போனது. ஹைட்ராலிக் ஜாக்கியில் அப்படி இல்லை. பட்டனை விட்டாலும், பேட்டரி கிளிப்பைக் கழற்றினாலும், உள்ளே அடைபட்ட ஆயில் பளுவைத் தாங்கியபடியே நிற்கிறது. கரண்ட் போனது, அழுத்தம் போகவில்லை. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும், கடலைப் பருப்பு அளவுகூட இல்லாத ஒரு இரும்புக் குண்டும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எரு டிரெய்லரின் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் மேல் ஒன்றரை டன் இருக்கிறது என்று வையுங்க. ஜாக்கியின் ராடு 40 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். 1,500 கிலோவை அதால் வகுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 120 கிலோ அழுத்தம். மோட்டார் சைக்கிள் பின் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 கிலோ, 2.5 கிலோ. அந்தக் காற்றைப் போல ஐம்பது அறுபது மடங்கு, உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது.

இந்தச் சூட்சுமம் ஒன்றும் புதுசு இல்லை. அடைத்து வைத்த திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று பிரான்சு நாட்டு பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அதை வைத்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795-ல். சின்ன பம்பில் கொஞ்சமாக அழுத்தினால், பெரிய ராடு பெரும் பளுவைத் தூக்கும். தூக்குவது சுலபமாக இருந்தது, ராடைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் கிண்ணம் மாதிரி வளைத்த தோல் சீல் போட்டுத்தான் சமாளித்தார்கள். இருநூறு வருஷம் கழித்தும் ஜாக்கி கெட்டுப்போகிற முக்கியமான இடம் அந்தச் சீல்தான். தோல் போய் ரப்பர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் ஜாக்கியில் கைப்பிடிக்குப் பதில் ஒரு 12 வோல்ட் மோட்டார் அந்தச் சின்ன பம்பை ஓட்டுகிறது. தொட்டியிலிருந்து ஆயிலை இழுக்க ஒரு வால்வு, உள்ளே போன ஆயில் திரும்பாமல் தடுக்க ஒரு செக் வால்வு, இறக்குவதற்கு ரிலீஸ் வால்வு, அளவுக்கு மீறிப் பளு ஏறினால் ஆயிலைத் திருப்பிவிட ரிலீஃப் வால்வு. இந்த நாலும் எங்கே இருக்கின்றன என்று ஜாக்கியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க.

கம்பெனியில் மச்சினன் எப்படி வேலை செய்கிறான் என்று அவனிடம் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மெஷினில் கை வைப்பதற்கு முன்னாடி மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வானாம். தன் பேர் எழுதின அட்டையைத் தொங்கவிடுவானாம். அதோடு முடியவில்லை. தூக்கி நிற்கிற பாகம் எதுவாக இருந்தாலும் அதைக் கீழே இறக்குவார்கள், இல்லாவிட்டால் இரும்பு முட்டுக் கொடுப்பார்கள். ஹைட்ராலிக் லைனில் இருக்கிற அழுத்தத்தை விடுவித்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார்கள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கிரேன், சங்கிலி போன்ற தூக்கும் சாமான்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கொல்லையில் கிடக்கிற ஜாக்கியைச் சோதிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். ஓசூர், சூளகிரி, பாகலூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கம்பெனிக்குப் போகிறார்கள். ஷிப்டில் பூட்டுப் போட்டு வேலை செய்கிற அதே பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வண்டிக்குக் கீழே செங்கல்லை வைத்துப் படுத்துக்கிடக்கிறான். இதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஜாக்கி பளுவோடு மாட்டிக்கொண்டால் என்ன பண்ணுவது? அங்கேயே வைத்துக் காரணம் தேடாதீங்க. முதலில் பளுவை ஜாக்கியிடமிருந்து வாங்குங்க, காரணத்தைப் பிறகு தேடலாம்.

டிராக்டர் இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போடுங்க. டிரெய்லர் டிராக்டரோடு பின் போட்டு மாட்டியிருக்கட்டும். கழற்றிவிட்டால் இரண்டு சக்கர டிரெய்லர் குடை சாயும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்க. பிள்ளைகளையும் நாயையும் தள்ளி அனுப்புங்க. அப்புறம் ஆக்ஸிலுக்குக் கீழே கட்டை அடுக்கு. இரண்டு கட்டை இப்படி, இரண்டு கட்டை அதுக்குக் குறுக்கே என்று ஆக்ஸிலைத் தொடுகிற அளவுக்கு. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம். கட்டையை நீளமான கம்பால் தள்ளிவிடுங்க, கையை உள்ளே நீட்டாதீங்க.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை நசுங்கிக்கொண்டே வராது, ஒரேயடியாக வெடித்து உதிரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, வேலிக்கு நடுகிற கல்கால்கூடக் கருங்கல்தான். அதனால் எல்லோரும் சட்டென்று ஒரு கல்லை உருட்டி வைக்கிறார்கள். கல் பளுவைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் இரும்பு ஆக்ஸில் மழமழவென்ற கல் மேல் வழுக்கும். மரம் என்றால் இரும்பு கொஞ்சம் பதிந்து பிடித்துக்கொள்ளும். முற்றின புளி, கருவேலம், பழைய ரயில் கட்டை எல்லாம் நல்லது. ஒரு செட் கட்டையை டிரெய்லரிலேயே கட்டி வைத்துவிடுங்க. வீட்டில் இருக்கிற கட்டை கொல்லைக்கு உதவாது.

கட்டை அடுக்கியாச்சு. இப்போது எருவை இறக்குங்க. பளு குறைந்தாலே பாதிப் பிரச்சினை தெளிந்துவிடும், ஏனென்றால் பல நேரம் ஜாக்கி நின்றதுக்குக் காரணமே ரிலீஃப் வால்வு 'இது என் அளவுக்கு மீறினது' என்று ஆயிலைத் திருப்பிவிட்டதுதான். பிறகும் ஜாக்கி இறங்கவில்லை என்றால் அதைச் சுத்தியலால் தட்டாதீங்க, உதைக்காதீங்க. பக்கத்து வீட்டு ஜாக்கி ஒன்றை வாங்கி வந்து, பக்கத்தில் பலகை போட்டு நிறுத்தி, ஒரு விரற்கடை தூக்குங்க. பழையது தளர்ந்துவிடும், கம்பியால் இழுத்து எடுத்துவிடலாம். அது வரைக்கும் உடம்பில் எந்தப் பாகமும் வண்டிக்கடியில் போகக் கூடாது.

இப்போது கெட்ட ஜாக்கி திண்ணைக்கு வந்துவிட்டது. கிளிப்பைக் கழற்றியாச்சு, ரிலீஸ் வால்வைத் திறந்து ராடைக் கையால் அமுக்கி முழுசாக உள்ளே தள்ளியாச்சு. இப்போதுதான் அது கை வைக்கத் தகுந்த பொருள்.

பெரும்பாலும் கோளாறு ஆயிலில் இருக்காது, கரண்டில்தான் இருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போங்க. பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்த்துத் துடையுங்க. மைனஸ் கம்பியை முதலில் கழற்றுங்க, கடைசியில் மாட்டுங்க. பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும், பீடியை அந்தப் பக்கம் வைத்துவிட்டு வாங்க. மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்க. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் மோதிரம் இரண்டு டெர்மினலையும் தொட்டால் ஒரு நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை. சும்மா இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே காட்டினால் ஜாக்கியைக் குறை சொல்லாதீங்க, பேட்டரியைச் சார்ஜ் போடுங்க. அடுத்து, கட்டை அடுக்கிய காலி டிரெய்லரைத் தூக்கும்போது ஒருத்தர் பேட்டரியிலும், அப்புறம் ஜாக்கி ஒயர் முனையிலும் அளக்கட்டும். இரண்டுக்கும் ஒரு வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு ஒயரிலோ கிளிப்பிலோதான். கார் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற ஜாக்கி என்றால் அந்த ஃபியூஸ் 10 ஆம்பா, 15 ஆம்பா என்று பாருங்க. ஜாக்கி மோட்டார் 150 வாட் என்றாலே 12 ஆம்புக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்க. கம்பியைச் சுற்றி வைக்காதீங்க. திரும்பவும் போனால் உள்ளே மோட்டார் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம பக்கம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. நெடுஞ்சாலையில் நிற்கிற லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். தெரிந்த டிரைவர் ஆச்சே என்று அதில் ஜாக்கியை மாட்டினால் கொஞ்ச நேரம் ஜோராக ஓடும், அப்புறம் புகை வரும்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, ராடு ஏறவில்லை என்றால்? ரிலீஸ் வால்வு முழுசாக மூடவில்லையோ பாருங்க. அடுத்தது ஆயில் அளவு. ராடு முழுக்க உள்ளே இருக்கும்போதுதான் ஆயில் அளவு பார்க்கணும், ஊற்றணும். ராடு வெளியே நிற்கும்போது நிரப்பினால், இறக்குகையில் திரும்பி வருகிற ஆயிலுக்குத் தொட்டியில் இடம் இருக்காது. ஏறும்போது விட்டு விட்டு ஏறுகிறதென்றால் உள்ளே காற்று. ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பளு இல்லாமல் சில நொடிகள் ஓட்டி, ஆயில் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்க, பிறகு அளவு சரிபாருங்க. ஜாக்கியைக் கவிழ்த்துப் போட்டு வண்டியில் கொண்டு வந்தாலே காற்று புகுந்துவிடும். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டாதீங்க. எத்தனை நிமிஷம் ஓட்டலாம், எத்தனை நிமிஷம் ஆறவிடணும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும்.

தூக்கிய பிறகு மெதுவாக இறங்குகிறது, இதுதான் எனக்கு நடந்தது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டை அடுக்குக்கு ஒரு விரற்கடை மேலே காலி வண்டியைத் தூக்கி, ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, தள்ளி உட்கார்ந்து பத்து நிமிஷம் பாருங்க. கோடு இறங்கி, ராடைச் சுற்றி ஆயில் ஈரமும் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. வெளியே ஈரமே இல்லாமல் இறங்கினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே செக் வால்வு, ரிலீஸ் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. குண்டு உட்காருகிற இடத்தில் தூசி இருக்கிறது என்று அர்த்தம்.

என் ஜாக்கியில் ஆயிலை வடித்துப் பார்த்தால் மோர் மாதிரி வெளுத்திருந்தது. அடியில் மணல். மச்சினன் என்னைப் பார்த்தான், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஆவணியில் ஆயில் குறைந்தது என்று நான்தான் கொல்லையில் வைத்து ஊற்றினேன், பஞ்சகவ்யம் ஊற்றுகிற அதே புனலில்! தண்ணீரும் மண்ணும் அப்படித்தான் உள்ளே போனது. மண் குண்டுக்கடியில் மாட்டியது, இறங்கியது. டெர்மினலில் பச்சை பூத்திருந்தது, மோட்டார் முனகியது. இரண்டு கோளாறும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. இப்போது ஹைட்ராலிக் ஆயிலுக்கென்று தனிப் புனல் வாங்கி, பேர் எழுதி, பாலிதீன் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஆயில் பற்றி நண்பர்கள் கேட்கிற கேள்வி, 'நாமதான் இயற்கை விவசாயி ஆச்சே, விளக்கெண்ணெய் ஊற்றலாமா?' ஊற்றாதீங்க. தாவர எண்ணெயில் செய்த ஹைட்ராலிக் ஆயில் உலகத்தில் இருக்கிறது, ஆனால் அது அதற்கென்று பக்குவப்படுத்தியது. செக்கு எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகி வால்வை ஒட்டவைத்துவிடும். பிரேக் ஆயில் அதைவிட மோசம், ஜாக்கியின் ரப்பர் சீல் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். புத்தகத்தில் சொன்ன தரத்து ஹைட்ராலிக் ஆயில் மட்டும். வடித்த பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குக் கரையானுக்கென்று பூசுவது, வரப்புப் புல்லில் கொட்டுவது எல்லாம் நம்ம வேலை இல்லை. கேனில் மூடி, பழைய ஆயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க. சிந்தினதை மரத்தூளோ சாம்பலோ போட்டு உறிஞ்சி வாருங்க, அந்தத் தூளை எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீங்க.

சீல் மாற்றுவதை நாமே செய்யலாமா? பொறுமையும் சுத்தமான மேஜையும் இருந்தால் சின்ன ஜாக்கிக்குச் செய்யலாம். பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசூரில் ஹைட்ராலிக் சாமான் கடைக்குப் போங்க. சிப்காட் புண்ணியத்தில் அளந்து பார்த்துக் கொடுக்கிற ஆள் இங்கே இருக்கிறார்கள், அஞ்செட்டிக்காரருக்கு அது தூரம்தான். ஆனால் ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்காதீங்க. 'கொஞ்சம் முறுக்கினா இன்னும் தூக்கும்' என்று சொல்கிற மெக்கானிக்கை நம்பாதீங்க. முறுக்கினால் தூக்கும், எதுவரைக்கும் என்றால் உடைகிற வரைக்கும். ராடு வளைந்திருந்தாலோ, உடம்பில் கீறல் விரிசல் தெரிந்தாலோ, வெல்டிங் வைக்கிற பேச்சே கூடாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்க.

கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் நம்ம எல்லோரிடமும் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும்போது ஊசித் துளை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க, விரலை நீட்டாதீங்க. அப்படி ஆயில் உள்ளே போனால் முதலில் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் வீங்கி, உள்சதை அழுக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டி வரும். மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீங்க. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கு" என்று அதே வார்த்தையில் சொல்லுங்க. வெறும் முள் என்று நினைத்து டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடாது.

இதெல்லாம் ஜாக்கிக்கு மட்டுமில்லை. டிப்பர் டிரெய்லரின் தொட்டி தூக்கி நிற்கும்போது அடியில் கிரீஸ் வைக்கப் போகிறோம், டிராக்டர் லிப்டில் கலப்பை தொங்கும்போது கொழுவைக் கழற்றுகிறோம். அங்கேயும் தாங்கிப் பிடித்திருப்பது அதே ஆயில், அதே மாதிரி சீல். தொட்டிக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே குனியணும். கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் டிராக்டரை விட்டு இறங்கணும்.

மச்சினன் போன மாதம் வந்தபோது கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய அட்டை ஒன்றைக் கொண்டு வந்தான். அதில் சிவப்பில் 'கை வைக்காதே' என்று எழுதியிருக்கிறது. அதைக் கட்டைகள் கட்டி வைத்த கயிற்றில் மாட்டியிருக்கிறேன். டயர் கழற்றும்போது அதை எடுத்து டிராக்டர் ஸ்டீயரிங்கில் தொங்கவிடுகிறோம். அஞ்சாவது படிக்கிற என் பேத்தி வந்து படித்துவிட்டு, "தாத்தா, யாரோட கை?" என்று கேட்டாள்.